சோப்பு எங்களுக்கு, சோலார் ஆண்களுக்கா?

பசுமைத் திறன் பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கும், அந்தப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குபவர்களுக்கும்,

போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து வாட்சாப்பில் ஒரு செய்தி வந்தது. எனக்கு வரவில்லை. என் பேச்சைக் கேட்டுப் பயிற்சியின் இரண்டாம் அணிக்கு விண்ணப்பித்த ஐந்து பெண்களுக்கு வந்தது. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டுப் பெண் விண்ணப்பதாரர்கள் அனைவரும் கூரை சோலார் பொருத்தும் பிரிவிலிருந்து பசுமைக் கைத்தொழில் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்கள் என்று இருந்தது. கீழே ஓர் அட்டவணை. முதல் நாள், பழைய சமையல் எண்ணெயில் சோப்பு. இரண்டாம் நாள், பழத்தோலை ஊறவைத்துச் செய்யும் எக்கோ என்சைம். மூன்றாம் நாள், பழைய துணியில் பை தைப்பது. அதோடு முடிந்தது. கூரைப் பிரிவுக்கு மூன்று மாதம், மாதப் படி, கடைசியில் சான்றிதழ். சோப்புப் பிரிவுக்கு மதியச் சாப்பாடு.

ஐந்து பேரும் எனக்குத்தான் போன் செய்தார்கள். ஒருத்தி கோபத்தில் பேச முடியாமல் வைத்துவிட்டாள். இன்னொருத்தி, "பரவால்லக்கா, சோப்பாவது கத்துக்கிறேன்" என்றாள். கோபத்தைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தப் 'பரவால்ல'தான் என்னை எழுத உட்கார வைத்தது.

நான் உங்கள் முதல் அணியில் பயின்றவள். பதிவேட்டைப் புரட்டினால் தெரியும், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. வயது 43, பினாங்கு மாநிலம் பிறையில் அடுக்குமாடி வீடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். உங்களிடம் வருவதற்கு முன் பதினொரு வருஷம் சோலார் பேனல் செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். ஒரு நாள் எங்கள் லைனை மூடினார்கள், கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பயிற்சி முடிந்த கையோடு ஒரு சிறிய கொன்டிரேக்டரிடம் சேர்ந்தேன். ஐந்து பேர் குழு. புக்கிட் மெர்தாஜாம், செபராங் ஜெயா, சிம்பாங் அம்பாட், தீவுப் பக்கம் சுங்கை ஆரா என்று எங்கே கூரை கிடைக்கிறதோ அங்கே ஏறுகிறோம். வீட்டுக் கூரையில் மிஞ்சும் சோலார் கரண்டை மின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் நெம் திட்டம் 2025 ஜூன் கடைசியில் முடிந்தபோது, அதற்குள் பெயர் பதிந்துவிட்ட வீடுகளின் வேலையே எங்களுக்கு மாதக்கணக்கில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாலும் கண் கோபுரத்தைப் பார்க்காமல் எதிர்வீட்டுக் கூரையின் சாய்வைப் பார்க்கும் அளவுக்குப் பழகிவிட்டது.

உங்கள் அதிகாரிக்கு நானே போன் செய்து காரணம் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன். நாலு காரணம் சொன்னார். கூரை ஆபத்து. வேலை இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. குடும்பத்தார் விரும்ப மாட்டார்கள். போன தடவை பெண்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். இந்த நாலுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சம்பந்தம் இருக்கிறது.

அம்மா 1979-ல் பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போனார். செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண். அப்போது தீவுக்குப் பாலம் கிடையாது, 1985-ல்தான் திறந்தார்கள். இருட்டோடு எழுந்து, ஃபெர்ரி பிடித்து, அந்தக் கரையில் பஸ் ஏற வேண்டும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சிப்பில் ஒட்டும் வேலை. 1972-ல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு இந்த மாதிரிப் பெண்களின் கண்களுக்கு உண்டு. மலாய்க்காரப் பெண்கள், சீனப் பெண்கள், தோட்டத்திலிருந்து போன நம் பெண்கள். அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் 'மினா காரான்'. காரான் என்றால் கரண்ட். கரண்ட் சாமான் செய்கிற பெண்ணாம். பாராட்டிச் சொன்னதில்லை, பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பின்னாலிருந்து கூப்பிடும் கேலிப் பெயர்.

அந்தக் காலத்துச் சட்டத்தையும் நினைவுபடுத்துகிறேன். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், பெண்கள் இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்று சொன்னது. பாதுகாப்புக்காகத்தான். அதே சட்டத்தில், தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விலக்குக் கொடுக்கலாம் என்றும் ஒரு வரி இருந்தது. ஃபேக்டரிகளுக்கு மூன்று ஷிஃப்ட் ஓட வேண்டும், விலக்கு வாங்கினார்கள். அம்மா வருஷக்கணக்கில் இரவு ஷிஃப்ட் பார்த்தார். ஆள் தேவைப்படும்போது பாதுகாப்பு எவ்வளவு சுலபமாக விலகிக்கொள்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 2023 ஜனவரி 1 முதல் அந்த இரவு வேலைத் தடையையும், பெண்கள் நிலத்துக்கு அடியில் வேலை செய்யக் கூடாது என்ற தடையையும் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆக, தரைக்குக் கீழே போகலாம் என்று நாடாளுமன்றமே சொல்லிவிட்டது. தரைக்கு மேலே ஏறக் கூடாது என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

சரி, காரணங்களுக்கு வருகிறேன்.

கூரை ஆபத்துதான். இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். மழை பெய்து விட்ட பிறகு ஓட்டில் பாசி இருந்தால் காலே நிற்காது. பத்து மணிக்கு மேல் தகரக் கூரை தோசைக்கல். ஆனால் இந்த ஆபத்து ஆண் பெண் பார்த்து வருவதில்லை, கீழே விழாமல் உடம்பில் மாட்டும் பட்டையான ஹார்னஸைப் பார்த்து வருகிறது. முதல் அணியில் நீங்கள் கொடுத்த ஹார்னஸ் எல்லாமே பெரிய சைஸ். எனக்குத் தொடைப்பட்டை முட்டி வரை தொங்கியது. பயிற்றுநர் பார்த்தார், யோசித்தார், பொட்டலம் கட்டுகிற ராஃபியா கயிற்றை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டார். அவருக்கும் வேறு வழி இல்லை. அன்று நான் வழுக்கியிருந்தால் ஹார்னஸ் மேலே நின்றிருக்கும், நான் கீழே போயிருப்பேன். முதல் சம்பளத்தில் எனக்கென்று சின்ன சைஸில் ஒன்று வாங்கினேன். அதைப் போட்ட நாளிலிருந்து கூரை பழைய கூரையாக இல்லை. பாதுகாப்புக் காரணம் என்று எழுதினீர்களே, அந்தக் காரணம் உங்கள் ஸ்டோர் ரூமில்தான் தொங்குகிறது.

பேனல் கனம் என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. வீடுகளுக்கு இப்போது போடுகிற 550 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 28 கிலோ, என்னைவிட உயரம். அதை எந்த ஆணும் தனியாகத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறக் கூடாது. எப்போதும் இரண்டு பேர், கயிறு, மேலே வாங்கிக்கொள்ள ஓர் ஆள். தனியாகத் தூக்கிக் காட்டுகிற வீரனை எங்கள் தௌக்கே, அதாவது முதலாளி, முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இதில் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃபேக்டரியில் கடைசி ஆறு வருஷம் எனக்கு இஎல் டெஸ்ட்டில் வேலை. இருட்டுப் பெட்டிக்குள் பேனலைத் தள்ளி, கரண்ட் கொடுத்து, கேமராவில் படம் எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் செல்லிலிருந்து வரும், திரையில் சாம்பல் நிறமாகத் தெரியும். நல்ல செல் ஒரே சீராக இருக்கும். கீறல் விட்ட செல்லில் முருங்கை ஈர்க்கு மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஓடும். கொஞ்சம் பெரிய கீறல் என்றால் ஒரு மூலையே கறுத்துக் கிடக்கும், அந்தப் பகுதி இனிக் கரண்ட் தராது. கண்ணாடியில் ஒரு சிராய்ப்புகூட இருக்காது. ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கில் இப்படிப் பார்த்திருக்கிறேன். கூரைக்கு வந்த முதல் வாரம், எங்கள் குழுவில் ஒரு தம்பி வேலை வேகத்தில் பேனல் மேலேயே நடந்து போனான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அவன் கால் வைத்த இடமெல்லாம் எனக்கு அந்தக் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. கத்தினேன். "கண்ணாடி உடையலையேக்கா" என்றான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய படங்களை விளக்கி, மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் எங்கள் குழுவில் யாரும் பேனலை மிதிப்பதில்லை. வீட்டுக்காரருக்கு ஐந்தாறு வருஷம் கழித்து உற்பத்தி குறைந்தால் அதற்குக் காரணம் அந்தக் காலடி என்று யாருக்குத் தெரியப்போகிறது? எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

பேனல் வயர்களை இணைக்கும் கனெக்டர் விஷயமும் இப்படித்தான். சோலாருக்கு ஸ்விட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டால் பேனலில் கரண்ட் இருக்கும். பத்துப் பேனலை வரிசையாகக் கோர்த்தால் ஐந்நூறு வோல்ட் டிசி (நேர் மின்சாரம்) வந்து நிற்கும். கனெக்டரை ஒழுங்காக நசுக்கிப் பூட்டாவிட்டால் உள்ளே சூடேறிப் பொறி கிளம்பும், டிசி பொறி சுலபத்தில் அணையாது, கூரையே எரியும். ஒரே மாதிரி, ஒரே அழுத்தத்தில், நூறாவதையும் முதலாவதைப் போலச் செய்கிற பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையை ஃபேக்டரி எங்களுக்குப் பதினொரு வருஷம் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நீங்கள் சோப்பில் கரைக்கிறீர்கள்.

இது பினாங்கில் மட்டும் இருக்கும் கதை இல்லை. ஐரீனா என்று சொல்லப்படும் அனைத்துலகப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைப்பு 2022-ல் சோலார் துறையில் பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மொத்த வேலையில் பெண்கள் 40 சதவீதம். பேனல் செய்கிற ஃபேக்டரிகளில் 47 சதவீதம். பொருத்துகிற வேலையில் 12 சதவீதம். ஏறக்குறைய பாதியை நாங்கள் செய்கிறோம், அது பெட்டியில் ஏறி ஃபேக்டரி வாசலைத் தாண்டியதும் எங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது. இந்த வட்டாரத்தில், கூலிம் முதல் செபராங் பிறை வரை, பேனல் ஃபேக்டரிகளில் வேலை பார்த்த பெண்கள் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்று உங்கள் குழு ஒரு தடவையாவது கேட்டதுண்டா?

கழிப்பறை. எங்கள் வேலையில் பெரும்பகுதி வீடுகளில். வீடுகளில் கழிப்பறை இருக்கிறது! பெரிய தளங்களில்தான் தொல்லை. முதல் அணியில் செய்முறைக்கு அழைத்துப்போன இடத்தில் ஒரே ஒரு பிளாஸ்டிக் கழிப்பறை, தாழ்ப்பாள் உடைந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், தண்ணீர் குடிக்காமல் இருந்து எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. அந்தத் தாழ்ப்பாளின் விலை பத்து வெள்ளி (ரிங்கிட்) கூட இருக்காது. அதைப் போடுவதற்குப் பதிலாகப் பெண்களையே எடுத்துவிட்டீர்கள்.

குடும்பம் விரும்பாது என்பது பாதி உண்மை. என் வீட்டுக்காரர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், சம்பளச் சீட்டைப் பார்த்ததும் இறக்கி வைத்துவிட்டார். மற்ற பாதியை வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பாட்டி நான் ஏணியை எடுத்தபோது, "ஏம்மா, நீயா ஏறப்போற? ஆம்பள யாரும் வரலையா?" என்று கேட்டார். ஏறி இறங்கினேன். மெயின் பெட்டி சமையலறைப் பக்கம், சீலிங் வழியாக வயர் இழுக்கப் படுக்கையறைக்குள் போக வேண்டும். வீட்டில் அவரும் மருமகளும் மட்டும். "நல்லவேளை நீ வந்த" என்று சொல்லித்தான் கதவைத் திறந்துவிட்டார். பகல் நேரத்தில் பாதி வீடுகளில் பெண்கள்தான் இருக்கிறார்கள். இப்போது அப்படிப்பட்ட வீடு என்றால் தௌக்கே என்னைத்தான் முதலில் அனுப்புகிறார்.

பாதியில் நின்றார்கள் என்ற புகாருக்கு வருகிறேன். உண்மைதான், முதல் அணியில் ஏழு பெண்களில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி, வகுப்பை நடுவில் பத்து காவான் என்ற ஊருக்கு மாற்றிக் காலை ஏழரைக்கு வைத்தீர்களே, அப்போது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி அந்த நேரத்துக்குள் அவளால் வர முடியவில்லை. இன்னொருத்தி நின்றது அந்தத் தாழ்ப்பாள் இல்லாத இடத்துக்குப் போய்வந்த மறுநாள். ஆண்களில் நான்கு பேர் நின்றார்கள். இரண்டு பேர் கிராப் டாக்சி ஓட்டப் போனார்கள், ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது. அதற்காக ஆண்களை யாரும் சோப்பு வகுப்புக்கு மாற்றவில்லையே.

சோப்பை நான் இளக்காரமாகப் பேசவில்லை. என் வீட்டு சிங்க் அடியில் இப்போதும் என்சைம் பாட்டில் இருக்கிறது. ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். முதல் மாதம் மூடியைத் திறந்து காற்றை விட மறந்தால் பாட்டில் உப்பி நிற்கும். தரை துடைக்க நல்ல சாமான். ஆனால் யார் தரை? நம் தரை. துடைப்பவர் யார்? நாம்தான். குப்பை பிரிப்பது, உரம் போடுவது, பை தைப்பது, சோப்புக் காய்ச்சுவது என்று வீட்டில் ஏற்கெனவே செய்கிற வேலைக்குப் பச்சைச் சாயம் பூசி அதைப் பெண்களுக்கான பசுமைத் தொழில் என்கிறீர்கள். போன தீபாவளிச் சந்தையில் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வெள்ளி விலையில் நாற்பது சோப்பு விற்றார். அதே வாரம் ஒரே நாளில் கூரையில் எனக்கு 130 வெள்ளி. இந்த வித்தியாசத்தை ஐந்து பெண்களுக்கும் நான் எப்படி விளக்குவது?

2023-ல் மலேசிய அரசாங்கம் தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தை வெளியிட்டது. 2050-க்குள் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் பங்கு மின் உற்பத்தி நிறுவுதிறனில் 70 சதவீதம் ஆக வேண்டும், 310,000 வேலைகள் வரும் என்று அதில் இருக்கிறது. அந்த வேலைகளில் எங்கள் பங்கு எங்கே தீர்மானமாகிறது என்றால், நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் இல்லை, உங்கள் அலுவலகத்தில் யாரோ தட்டி அனுப்பிய அந்த வாட்சாப் செய்தியில். இந்த மாநிலத்துக்கு இது புதிதும் இல்லை. 2012-லேயே மக்கள் வீடமைப்பு அடுக்குமாடிகளில் பெண்களையும் உட்கார வைத்து, பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று கேட்டு வரவுசெலவு போட்ட மாநிலம் பினாங்கு. கேட்கத் தெரிந்தவர்கள்தான் நாம்.

எங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில், அந்த மாற்ற உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். ஐந்து பேரும் விண்ணப்பித்த கூரைப் பிரிவிலேயே, ஆண்களுக்குக் கொடுக்கும் அதே படியோடு, சேர்க்கப்பட வேண்டும். வகுப்பு தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, இடம் இல்லை என்று சொல்ல முடியாது. சோப்பு வகுப்பு நடக்கட்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து.

அப்புறம், சின்ன சைஸ் ஹார்னஸ் ஐந்து, கையுறை, காலணி. அளவுகளை ஐந்து பேரிடமும் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் இன்றே அனுப்புகிறேன். செய்முறைக்கு எந்தத் தளத்துக்கு அழைத்துப் போனாலும், தாழ்ப்பாள் உள்ள பெண்கள் கழிப்பறை அங்கே இருக்கிறதா என்று பயிற்றுநர் முந்தின நாளே பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வகுப்பு எட்டரைக்குத் தொடங்கட்டும், அல்லது பிறையிலிருந்து ஒரு வேன் விடுங்கள். ஃபேக்டரிகள் ஐம்பது வருஷமாகப் பெண்களைக் கூட்டிவர பஸ் அனுப்புகின்றன, உங்களால் ஒரு வேன் அனுப்ப முடியும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது. மூன்று மாதச் சான்றிதழோடு எங்களை விட்டுவிடாதீர்கள். பேனல் தூக்குகிறவருக்கு ஒரு சம்பளம், வயரிங்கைச் சோதித்துப் பாரத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு வேறு சம்பளம். அந்தக் கையெழுத்துக்கு எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதி வேண்டும். நான் என் சொந்தக் காசில் சனி ஞாயிறு அதற்குப் படிக்கிறேன். பயிற்சி முடித்த பெண்களில் விருப்பம் உள்ளவர்களுக்கு அந்த வகுப்புக் கட்டணத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஃபேக்டரியில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்களின் அனுபவத்தை, திறன் மேம்பாட்டுத் துறை ஏற்கெனவே வைத்திருக்கும் முன் அனுபவ அங்கீகார முறையில் மலேசியத் திறன் சான்றிதழுக்குக் கணக்கில் எடுக்க உதவுங்கள். வழி இருக்கிறது, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கடைசியாக, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள், முடித்தார்கள், வேலைக்குப் போனார்கள், என்ன சம்பளம் என்று உங்கள் வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். யார் ஏன் நின்றார்கள் என்பதையும் சேர்த்து.

வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாக எழுத்தில் பதில் வேண்டும். இந்த முறை வாட்சாப் போதாது. பதில் வராவிட்டால் வகுப்பு தொடங்கும் அன்று காலை ஐந்து பேரும் கூரைப் பிரிவு வாசலில் நிற்பார்கள். எனக்கு அன்று வேலை இருக்கிறது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், நானும் வருகிறேன். என் ஹார்னஸையும் எடுத்து வருகிறேன், சின்ன சைஸ் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம்.

முதல் அணியில் பயின்ற ஒருத்தி,
பிறை, பினாங்கு.